கன்னியம்மாவின் பாட்டைத் திருத்தியவர்கள்

கன்னியம்மாவுக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. தெலுங்கு படிக்கத் தெரியும், பேச்சில்தான் தடுமாற்றம். இப்படி ஒரு பெண் எப்படி உருவானாள் என்று திருவொற்றியூர் மார்க்கெட்டில் அவளிடம் மீன் வாங்குகிறவர்களில் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

அவள் பிறந்தது பழவேற்காடு ஏரிக்கு வடக்கே, ஆந்திரப் பக்கத்தில். அந்தக் கரையில் வலை போடுகிற சனங்கள் எத்தனையோ தலைமுறையாக வீட்டுக்குள் தமிழ்தான் பேசுகிறார்கள். மொழிவாரியாக மாநிலம் பிரித்தபோது ஏரியின் குறுக்கே கோடு போனது. கோடு போட்டவர்கள் யாரும் வலைக்காரனைக் கூப்பிட்டு உன் தங்கையை எந்தக் கரையில் கொடுத்திருக்கிறாய், உன் மாமியார் வீடு எந்தக் கரை என்று விசாரிக்கவில்லை. அண்ணன் அந்த மாநிலம், தங்கை இந்த மாநிலம் என்று ஆனது. அண்ணன் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. கன்னியம்மா அங்கே ஐந்தாவது வரை படித்தாள். வகுப்பில் வாய் தவறித் தமிழ் வந்துவிட்டால் வாத்தியார் 'அரவம்' என்று சொல்லிக் காதைத் திருகுவார். தமிழ்க்காரர்களுக்கு அந்த ஊரில் அதுதான் பெயர்.

1988-இல், பதினெட்டு வயதில், எண்ணூர் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நடுமேட்டுக்குப்பத்துக்கு எத்திராஜுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். இனிமேல் தமிழ் பேசினால் காதைத் திருக ஆளில்லை என்று நிம்மதியாக வந்தவள்தான். மார்க்கெட்டில் கூடை வைத்த முதல் வாரமே, அவள் தன் அப்பாவை நைனா என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, சங்கரா மீன் வாங்க வந்த ஒரு அம்மாள் "கொல்டியா நீ?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்துக் கூடைக்குப் போய்விட்டாள். வடசென்னையில் பாதிப் பேருக்கு அப்பா நைனாதான். ஆனால் அதை ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த பெண் சொன்னால் மட்டும் அது வேறு மொழி ஆகிவிடுகிறது. அங்கே அரவம், இங்கே கொல்டி. முப்பத்தாறு வருடமாக இந்த இரண்டு பெயர்களையும் அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒருநாளும் சிரித்துக்கொண்டு கேட்டதில்லை.

பாட்டுக் கட்டுவது அவளுக்குத் தானாக வரும். கல்யாணத்தில் நலங்குப் பாட்டு, படகை மணலில் இழுத்து ஏற்றும்போது ஆண்களுக்கு எடுத்துக் கொடுக்கும் பாட்டு, சாவு வீட்டில் ஒப்பாரி. குப்பத்தில் யார் செத்தாலும் முதலில் கன்னியம்மாவுக்குத்தான் ஆள் வரும். செத்தவர் யார், என்ன செய்தார், யாரால் கெட்டார் எல்லாவற்றையும் பாட்டில் வைத்துவிடுவாள். பழவேற்காட்டுக்கு வடக்கேயும் கூப்பிடுவார்கள். எந்தக் கரைக்குப் போனாலும் ஒரே பாட்டுத்தான், ஒரே பேச்சுத்தான். நைனா இருக்கும், வூடு இருக்கும், பேஜாரு இருக்கும், அங்கே என்பதற்கு அக்கட இருக்கும். கேட்கிற சனங்களுக்கு எல்லாமே புரியும். அழுகிறவர்கள் நடுவில் நிறுத்தி இது எந்த மொழி என்று கேட்டதாக ஒரு கரையிலும் கதை கிடையாது.

மறந்துபோகாமல் இருப்பதற்காகப் பாட்டுகளை ஒரு நோட்டில் எழுதியும் வைத்தாள். மகள் ரேகா பள்ளிக்கூடத்தில் பாதி எழுதி விட்டிருந்த நோட்டு அது. பாட்டெல்லாம் தமிழ், எழுத்து மட்டும் தெலுங்கு. அவளுக்குத் தெரிந்த எழுத்து அதுதானே.

2011-இல் எத்திராஜ் செத்தான். விடிகிற நேரத்தில் முகத்துவாரத்தில் வலையை இறக்கிவிட்டுப் படகை நிறுத்திக் காத்திருந்தவன் மேல், அலைத்தடுப்புக்குப் பாறாங்கல் ஏற்றி வந்த ஒரு மிதவைக் கப்பல் ஏறிவிட்டது. குப்பத்துப் பேச்சில் அதற்குப் பெயர் பார்ஜ். உடம்பு கிடைக்க இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளிலேயே விசாரிக்க வந்தவர்கள் படகின் லைசன்ஸைக் கேட்டார்கள், நம்பரைக் கேட்டார்கள், அந்த நேரத்தில் அந்த இடத்தில் அவனுக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். பார்ஜை ஓட்டியவன் தூங்கினானா என்று ஒருவரும் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் எல்லாம் அடங்கிப்போனது. கன்னியம்மா மட்டும் அடங்கவில்லை. எத்திராஜைக் கிடத்தியிருந்த இடத்திலேயே அவள் வாயில் வந்த பாட்டு இது:

அம்மாந் தண்ணி கெடக்க சொல்ல ஆத்துவாயில ஏத்தினானே
சும்மா நின்ன போட்டு மேல தூக்கத்தோட வந்தானே
லைசன்ஸ் இன்னா, நெம்பர் இன்னா, நின்னுகினு கேட்டவனே
லைசன்ஸ் கேட்ட வாயால சொல்லு, ஓட்டின ஆள எங்க வச்சினு கீற

பிறகு அந்தப் பாட்டைக் குப்பத்துப் பெண்கள் எல்லோரும் மனப்பாடமாக்கிவிட்டார்கள். கடலிலோ ஆற்றிலோ யார் போனாலும் நடுவில் அந்த நாலு வரி கட்டாயம் வரும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் கருணாகரன் என்று ஒருவர் குப்பத்துக்கு வந்தார். கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர். கீழ்க்கடல் கலைத் தொகுப்பகம் என்ற ஒரு தனியார் அறக்கட்டளைக்காக மீனவர் பாட்டுகளைச் சேகரிப்பதாகச் சொன்னார். மரியாதையானவர்தான். வெறும் தரையில் உட்கார்ந்தார், கொடுத்த டீயைக் குடித்தார். எத்திராஜின் தம்பி டில்லிபாபு குப்பத்துப் பஞ்சாயத்தில் ஒருவன். அவன்தான் அவரை அண்ணியிடம் கூட்டி வந்தான். ஒன்பது நாள், மார்க்கெட்டிலிருந்து திரும்பிய பிறகு, கன்னியம்மா பாடினாள். சத்தம் விழுகிறது என்று ஃபேனை நிறுத்தச் சொன்னார். அனல்மின் நிலையத்துச் சாம்பல் வருகிறது என்று ஏற்கெனவே சன்னல் சாத்தியிருக்கும். அந்தப் புழுக்கத்தில் வேர்வை வழிய வழிய நாற்பத்து மூன்று பாட்டுப் பாடினாள். எத்திராஜின் பாட்டைப் பாடும்போது மூன்று தடவை நின்று, திரும்ப ஆரம்பித்தாள். அவர் பொறுமையாகக் காத்திருந்தார். போகும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். சரிபார்த்துவிட்டுத் தருகிறேன் என்று நோட்டையும் வாங்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் ஆளைக் காணவில்லை. போன வருடம் ஆடி மாதம் ஓர் அழைப்பிதழ் வந்தது. 'வடகடல் தமிழ்ப் பாடல்கள்' என்ற நூல் வெளியீட்டு விழா. இடம் இராயபுரத்தில் ஒரு கல்யாண மண்டபம். கன்னியம்மா மேடையில் ஒரு நலங்குப் பாட்டுப் பாட வேண்டும், குப்பத்துப் பெண்கள் வருவதற்கு வேன் ஏற்பாடு செய்திருக்கிறது என்று டில்லிபாபு சந்தோஷமாக வந்து சொன்னான். கையோடு ஒரு புத்தகமும் கொடுத்துவிட்டுப் போனான்.

மணலியில் ஒரு கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் ரேகா அன்றைக்குச் சாயங்காலம் வந்ததும், கன்னியம்மா புத்தகத்தை அவள் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். தன் பாட்டு அச்சில் எப்படி ஒலிக்கிறது என்று கேட்க அவளுக்கு ஆசை. புதுப்புடவை பிரிக்கிறவள்போலத்தான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

முதல் பாட்டிலேயே நைனா இல்லை. தந்தையே என்று இருந்தது. வூடு இல்லமாகியிருந்தது. பேஜாரு பெருந்துயர் ஆகியிருந்தது. இது யாருடைய பாட்டு என்று கன்னியம்மா கேட்டாள். உன்னுதுதான், தாளம் அதேதான் என்று ரேகா சொன்னாள். அடுத்ததைப் படி என்றாள் கன்னியம்மா. படிக்கப் படிக்க ரேகாவுக்குக் குரல் இறங்கிக்கொண்டே போனது. எத்திராஜின் பாட்டு வந்ததும் நிறுத்திவிட்டாள். அம்மா விடவில்லை.

அகன்ற கடல் இருக்க ஆற்றின்வாய் சேர்ந்தாயோ
அலைமகளே மடிவிரித்து அணைத்தெடுத்துக் கொண்டாளோ

அவ்வளவுதான். தூங்கியவன் இல்லை, லைசன்ஸ் இல்லை, கேட்டவன் இல்லை. பாட்டில் யாரும் யாரையும் கொல்லவில்லை. அலைமகள் அணைத்துக்கொண்டாள், முடிந்தது.

கன்னியம்மா புத்தகத்தை முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். பிறகு முன்னுரையைப் படிக்கச் சொன்னாள். இந்த மக்களின் மொழி அண்டை மொழிகளின் கலப்பாலும் நகரத்தின் கொச்சையாலும் சிதைந்திருக்கிறது, அதன் உள்ளே புதைந்திருக்கும் தூய தமிழை மீட்டெடுத்திருக்கிறோம் என்று அதில் எழுதியிருந்தது. நாற்பத்து மூன்றில் முப்பத்திரண்டு பாட்டுத்தான் புத்தகத்தில் இருந்தன. பாடும்போது நினைவு தப்பிவிடக் கூடாது என்று பதினொரு பாட்டை அவள் நோட்டைப் பார்த்துத்தான் பாடியிருந்தாள். அவை தெலுங்குப் பாடல்கள், ஆதலால் விலக்கப்பட்டன என்று அடிக்குறிப்பு சொன்னது. அந்தப் பதினொன்றில் ஒன்றுகூடத் தெலுங்குப் பாட்டு இல்லை. ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும். எழுத்தைப் பார்த்துவிட்டுப் பாட்டை எடைபோட்டுத் தள்ளியிருக்கிறார்கள்.

கடைசிப் பக்கத்தில் பாடியவர் விவரம். 'தகவலாளி: மீனவப் பெண் ஒருவர், எண்ணூர் பகுதி.'

"பேரு?" என்று கன்னியம்மா கேட்டாள்.

ரேகா தலையை ஆட்டினாள். பேர் இல்லை.

புத்தகத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தாள் கன்னியம்மா. பின்னட்டையில் நன்கொடை தந்த நான்கு கம்பெனிகளின் சின்னங்கள் இருந்தன. ஒன்றில் ஒரு வட்டத்துக்குள் நங்கூரம். எத்திராஜ் போன அன்றைக்கு முகத்துவாரத்தில் நின்றிருந்த பார்ஜின் பக்கவாட்டில் இதே வட்டம், இதே நங்கூரம். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, படம் தெரியும். விரலை அதன்மேல் வைத்து மகளிடம் காட்டினாள். ரேகா அதன் அடியில் எழுதியிருந்த பெயரைப் படித்துச் சொன்னாள்.

அந்த வரிகள் ஏன் காணாமல்போயின என்று அதற்குமேல் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கருணாகரன் தானாகவே எடுத்தாரா, எடுக்கச் சொன்னார்களா, அது இன்றைக்கும் தெரியாது. எப்படி எடுத்திருந்தால் என்ன?

விழாவுக்குப் போக வேண்டாம் என்று ரேகா சொன்னாள். போய் அவர்களுக்கு எதற்குக் கூட்டம் சேர்க்கவேண்டும் என்பது அவள் வாதம். கன்னியம்மா போகத்தான் வேண்டும் என்றாள். அந்த வாரம் முழுக்க மார்க்கெட்டில் மீன் அரியும்போது அவள் கத்தி வழக்கத்தைவிட வேகமாக இறங்கியதாகப் பக்கத்துக் கூடைக்காரி பிறகு சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு விழா. குத்துவிளக்கு ஏற்றி, வாழ்த்துப் பாடி, ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி ஒருவர் நூலை வெளியிட்டார். கடலோர மக்களின் வெள்ளை மனதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். அதன்பிறகு கன்னியம்மாவை மேடைக்கு அழைத்தார்கள். கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது என்பது அப்போதுதான் அவர்களுக்கு நினைவு வந்தது. ஒரு பெண்ணைப் பக்கத்தில் நிறுத்தி வரி வரியாகச் சொல்லச் சொன்னார்கள். அவள் சொன்ன முதல் வரியில் இல்லம் என்று வந்தது.

கன்னியம்மா மைக்கைப் பிடித்துக்கொண்டு, கருணாகரன் உட்கார்ந்திருந்த நாற்காலிப் பக்கம் திரும்பினாள்.

"சார், இத்த யாரு எழுதினது?"

"உங்க பாட்டுதாம்மா" என்றார் அவர், சிரித்த முகத்தோடு. "கொஞ்சம் செம்மைப்படுத்தியிருக்கோம். நாளைக்கு நாலு பேர் படிக்கணும் இல்லையா?"

"என் நோட்டு எங்க?"

அவர் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. நோட்டு தெலுங்கில் இருந்ததால் நெல்லூரில் தெலுங்கு அறிந்த ஒருவருக்கு அனுப்பி வைத்ததாகவும், பத்திரமாக இருப்பதாகவும், இதையெல்லாம் கீழே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

"என் புருசன கடலு கொல்லல சார்" என்றாள் கன்னியம்மா. குரலை உயர்த்தவில்லை. மைக் இருந்ததால் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. "பார்ஜ்காரன் கொன்னான். நான் அத்தத்தான் பாடினேன். நீ கடலு மேல பழிய போட்டு எழுதி வச்சினு கீற. கடலு உங்கிட்ட வந்து ஏன்னு கேக்காதுல்ல?"

பெரிய அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டில்லிபாபு மேடைக்குக் கீழே வந்து, வேண்டாம் அண்ணி என்று கையால் சைகை காட்டினான்.

கன்னியம்மா நலங்குப் பாட்டுப் பாடவில்லை. அம்மாந் தண்ணி கெடக்க சொல்ல என்று எடுத்தாள். இரண்டாவது வரியில் யாரோ மைக்கை அணைத்துவிட்டார்கள். கடற்கரையில் நாற்பது ஆண்களுக்குப் பாட்டெடுத்துக் கொடுத்த தொண்டைக்கு மைக் எதற்கு? அவள் மூன்றாவது வரிக்குப் போனாள். வேனில் வந்திருந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். நாற்காலிகளைத் தள்ளிவிட்டு நடுவில் வட்டமாக நின்றார்கள். சாவு வீட்டில் நிற்பதைப் போலவே நின்று, மாரில் அடித்து, நான்காவது வரியைத் திரும்பத் திரும்பப் பாடினார்கள். ஆள எங்க வச்சினு கீற. ஆள எங்க வச்சினு கீற. மேடையில் விளக்கு எரிந்துகொண்டிருக்க, கல்யாண மண்டபத்தில், பதினைந்து பெண்கள் மாரடித்தார்கள். ரேகா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவள், எப்போது எழுந்து வட்டத்துக்குள் வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

பெரிய அதிகாரி பக்கவாசல் வழியாகப் போனார். மண்டபத்து மேனேஜர் ஓடி வந்து, மறுநாள் முகூர்த்தம் இருக்கிறது, கல்யாண வீட்டார் தோரணம் கட்ட வந்துவிட்டார்கள், இங்கே ஒப்பாரி வைக்கலாமா என்று கைகூப்பினார். அவரிடம் மட்டும்தான் கன்னியம்மா வருத்தம் தெரிவித்தாள்.

அன்றைக்கு இரவே சமாதானம் ஆகிவிடவில்லை. பஞ்சாயத்தில் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். விளக்கு ஏற்றிய சபையில் ஒப்பாரி பாடியது குப்பத்துக்கு அவமானம் என்று டில்லிபாபு சொன்னான். தொகுப்பகம் குப்பத்துக்கு ஒரு நூலகம் கட்டித் தருவதாக இருந்தது, அதுவும் போயிற்று என்று வேறு சொன்னான். அந்த நூலகத்தில் என் புருசன் எப்படிச் செத்தான் என்கிற புத்தகம் இருக்குமா என்று கன்னியம்மா கேட்டாள். கூடப் பிறந்தவன் பிணத்தைத் தண்ணீரிலிருந்து தூக்கியவனே இப்படிப் பேசுகிறானே என்று அவளுக்கு ஆத்திரம். இரண்டு மாதம் அவனோடு பேசவில்லை. பிறகு அவன்தான் ஒருநாள் ஒரு கூடை மடவை கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, அந்த நங்கூரக் கம்பெனியில் தன் மகனுக்கு ஒரு வேலைக்குச் சொல்லி வைத்திருந்ததைத் தலையைக் குனிந்துகொண்டே ஒப்புக்கொண்டான். கன்னியம்மா மீனை எடுத்துக்கொண்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

நோட்டுக்காக அவளும் ரேகாவும் தொகுப்பகத்தின் அலுவலகத்துக்கு ஏழு தடவை அலைந்தார்கள். ஒவ்வொரு தடவையும் சம்பந்தப்பட்டவர் லீவில் இருந்தார். ஐந்தாவது மாதம் நோட்டு கிடைத்தது. ஒவ்வொரு பக்கத்திலும் பாட்டின் மேலேயே வட்ட முத்திரை குத்தியிருந்தார்கள். உள்ளே நெல்லூர்க்காரர் எழுதிய ஒரு கடிதமும் தைத்திருந்தது. அந்தக் கடிதம் தெலுங்கில் இருந்ததால் அதைக் கன்னியம்மாவே படித்தாள். 'இது தெலுங்கு அல்ல, அரவம். எங்களுக்குப் பயன்படாது' என்று இரண்டே வரி. கடிதம் வந்த தேதியைப் பார்த்தாள். புத்தகம் அச்சுக்குப் போவதற்கு எட்டு மாதம் முன்னால். அது தமிழ்தான் என்று தெரிந்த பிறகும்தான் தெலுங்கு என்று அச்சடித்திருக்கிறார்கள்.

பேர் விட்டுப்போனது பற்றி ரேகா எழுதிய மூன்று கடிதங்களுக்குப் பதிலாக, மிச்சமிருந்த பிரதிகளில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டினார்கள். அதில் 'கன்னியம்மாள்' என்று இருந்தது. ஆதாரில், ரேஷன் அட்டையில், எத்திராஜின் இறப்புச் சான்றிதழில் எங்கும் அவள் கன்னியம்மாதான். அதைக்கூட அப்படியே விட அவர்களுக்கு மனம் வரவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா சொல்ல மகள் தமிழ் எழுத்தில் எழுதுகிறாள். அதுவும் சண்டையில்லாமல் நடப்பதில்லை. ரேகாவுக்குப் பள்ளிக்கூடத்துக் கை. வூடு என்று கேட்டாலும் வீடு என்று எழுதிவிடும். எழுதியதைக் கன்னியம்மா படித்துக் காட்டச் சொல்லுவாள். மாறியிருந்தால் கோடு போட்டு அடிக்கச் சொல்லுவாள். ஒருநாள் ஒரே பக்கத்தை நான்கு தடவை அடித்து எழுதிய ரேகா, எழுத்தில் எப்படி எழுதினால்தான் என்ன, பாடும்போது நீ சொல்லுகிற மாதிரி பாடிக்கொள்ளேன் என்று அலுத்துக்கொண்டாள். அந்தக் கருணாகரன் சொன்னதும் இதைத்தானே என்று கன்னியம்மா கேட்டாள். ரேகா அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

போன மாதம் எத்திராஜின் பாட்டுக்கு வந்தார்கள். நான்கு வரியையும் எழுதி முடித்ததும் ரேகா படித்துக் காட்டினாள். எல்லாம் சரியாக இருந்தது. இன்னும் இரண்டு வரி இருக்கிறது என்றாள் கன்னியம்மா. இத்தனை வருடத்தில் பாட்டில் இல்லாத வரிகள். பாடினாள். முதல் வரியில் நங்கூரம் வந்தது. இரண்டாவது வரியில், பின்னட்டையில் ரேகா படித்துச் சொன்ன அந்தக் கம்பெனியின் பெயர், எழுத்துக்கு எழுத்து அப்படியே வந்தது.

ரேகா பேனாவைத் தூக்கிவிட்டாள். கேஸ் போடுவார்கள், வேலைக்கு உலை வைப்பார்கள் என்றாள். அவள் பயம் பொய்யில்லை. அவள் வேலை பார்க்கும் இடமும் அந்தக் கம்பெனியும் ஒரே சாலையில்தான் இருக்கின்றன.

"நீ எழுது" என்றாள் கன்னியம்மா. "கேஸு போட்டா பாடினது நானுன்னு சொல்லு. பேரு கேப்பானுங்க இல்ல? அப்பயாவது என் பேர எழுதிக்கட்டும்."

ரேகா எழுதினாள்.